புத்தக முதுகுக்குள் பதினாலு பெயர்கள்

1. நேரான சுவர்

கண்டியில், கல்லூரி என்று பேர் கொண்ட ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் நூலகத்தில் நான் சிற்றூழியனாகச் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கொடுத்த முதல் வேலை படம் துடைப்பது. வாசிப்பு மண்டபத்தின் நீளச் சுவர் முழுக்க விளையாட்டு அணிகளின் படங்கள். கிரிக்கெட், ஹாக்கி, உதைபந்தாட்டம், ஓட்டம். வெள்ளைக்காரன் காலத்துப் படங்களும் உண்டு, சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்தவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சட்டம், ஒரே அளவு கண்ணாடி. நூல் பிடித்த மாதிரி ஆறு வரிசை.

ஏணியில் ஏறி முதல் படத்தைத் தொட்டேன். கை நின்றுவிட்டது. சட்டத்தின் மூலையில் இருந்த ஆணி நான் அடித்தது. ஆணித் தலையைக் கொஞ்சம் சாய்த்து அடிப்பது என் பழக்கம்.

கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நூலகர் நவரத்தினம் சேர். யாழ்ப்பாணத்து ஆள். கண்டியில் இருபது வருஷம் இருந்தும் பேச்சில் ஒரு சொல்கூட மாறாதவர்.

"கவனமாத் துடை. சுவர் பாக்க நல்ல வடிவுதான். ஆனால் இதில ஒரு பிள்ளைக்கும் பேர் இல்லை. படத்துக்குக் கீழ அட்டையில எல்லாற்ற பேரும் இருந்தது. சட்டம் போடக் குடுத்த இடத்தில எந்த மடையனோ வெட்டிப்போட்டான்."

"அப்படிங்களா சேர்" என்று ஏணியில் நின்றபடியே சொன்னேன்.

அந்த மடையன் நான்தான். அதைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் எடுத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடிதம் புதுப்பித்தால்தான் வேலை என்ற நிலையில் இருக்கிறவன் இப்படிப்பட்ட செய்தியைத் தானாகப் போய்ச் சொல்ல மாட்டான்.

நூலகத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் என்னிடம் வேலை கேட்டுப் பழகும்போது, இந்தச் சுவர் ஏன் இப்போது கோணல்மாணலாக இருக்கிறது என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

2. கண்ணாடியும் அட்டையும்

நான் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அப்பா செத்த வருஷம் அது. தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போக வயது காணாது, சும்மா இருக்க வயிறு விடாது. பஸ் ஏறி வத்தேகமவுக்கு வந்தேன், அங்கிருந்து கண்டிக்கு. சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். லொறியில் கிளீனராகத் திருகோணமலை வரை போனேன். ஒரு பல் டாக்டரிடம் ஆறு மாதம், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் வேலை. எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை, காலே நிற்காது. பல் டாக்டரை விட்டு வரும்போது, நீளக் கம்பியில் சின்ன வட்டக் கண்ணாடி பொருத்திய கருவி ஒன்று என் பைக்குள் வந்துவிட்டது. பிற்பாடு அது உதவியது. அதனால் அதைப் பற்றி அதிகம் வெட்கப்படுவதில்லை.

இருபது வயதில் காசிம் நானா கடையில் சேர்ந்தேன். படத்துக்குச் சட்டம் போடுவது, புத்தகம் கட்டுவது, இரண்டும் ஒரே கடை. நானா கோபக்காரர், ஆனால் தொழில் தெரிந்தவர். ஆணி அடிக்க, கண்ணாடி வெட்ட, கோதுமை மாவில் மயில்துத்தம் போட்டுப் பூச்சி வராமல் பசை காய்ச்ச, எல்லாம் அங்கேதான் பழகினேன்.

அந்தக் காலத்தில்தான் கல்லூரியிலிருந்து அறுபத்து மூன்று அணிப் படங்களும், நூலகத்துப் பழைய புத்தகங்கள் சிலவும் வந்தன. அப்போதிருந்த கல்லூரி அதிபருக்கு ஒரே ஒரு ஆசை, எல்லாப் படமும் ஒரே அளவில் தொங்க வேண்டும். நானாவிடம் ஒரே அளவில் வெட்டி வந்த கண்ணாடி ஒரு பெட்டி இருந்தது. படங்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு அட்டையில். சிலது கண்ணாடியை விட நாலு விரல் நீளம்.

நானாவிடம் கேட்டேன்.

"அட்டைய வெட்டு மகன்" என்றார். "கண்ணாடிய வெட்டினா ஒடையும். அட்ட ஒடையுமா? படம் நேரா தொங்கினா ஐயாமாருக்கு சந்தோஷம்."

வெட்டினேன். படத்துக்குக் கீழே அட்டையில் ஏதோ எழுத்து ஓடியது. இங்கிலீஷ். எனக்கு அப்போது இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. சீலைக் கரை மாதிரி ஒரு அலங்காரம் என்றே நினைத்தேன். இரும்பு ரூலரை வைத்து, கத்தியை இழுத்து, அறுபத்து மூன்று கரையையும் எடுத்துவிட்டேன். கடைசி நாள் வெட்டிய படமொன்றில் கத்தி வழுக்கி ரூலருக்கு மேலே ஏறிப் பெருவிரலில் இறங்கியது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

நானா கடையில் எதையும் எறிவதில்லை. மெல்லிய அட்டைத் துண்டென்றால் படம் ஆடாமல் இருக்கச் சட்டத்தின் பின்பக்கம் வைத்து அடைப்போம். எந்தத் துண்டு எந்தப் படத்துக்குப் பின்னால் போகிறது என்று பார்ப்பதில்லை, கைக்கு வந்தது போகும். தடித்த நல்ல அட்டை வந்தால் நானா தனியாக எடுத்து வைத்துக்கொள்வார். புத்தகம் கட்டும்போது முதுகுத் துணிக்கு உள்ளே விறைப்புக்கு வைக்க அதுதான் ஆகும்.

படங்கள் கல்லூரிக்குப் போயின. சுவர் நேராக இருக்கிறது என்று அதிபர் நானாவுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அதையும் நான்தான் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். பெயர்கள் போய்விட்டன என்பது கல்லூரியில் யாருக்கோ உறைத்தபோது, நான் கடையை விட்டு வேறு ஊருக்குப் போயிருந்தேன்.

3. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ

நூலகத்தில் நாலாவது வருஷம். ஒரு திங்கட்கிழமை காலை, கதவு திறந்த கையோடு ஒருவர் வந்தார். முப்பது வயது சொல்லலாம். நெற்றி உச்சி வரை ஏறியிருந்தது. சட்டைக் காலரில் கோதுமை மா படிந்திருந்தது. பல்லேகலயில் ஒரு ஸ்டோரில் மா மூட்டை ஏற்றுகிறாராம். பெயர் முத்துராஜ். ஊர் பன்விலப் பக்கம் என்றதும் நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எடுத்துத் தோட்டத்திலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்தவர். உதைபந்தாட்ட அணியில் இரண்டு வருஷம் விளையாடியவர். படிப்பு முடித்து ஊரோடு இருந்தபோது, கலவரத்தில் வீடு எரிந்தது. சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே இருந்தன. அவர் சொன்னது அவ்வளவுதான், நானும் மேலே கேட்கவில்லை.

இப்போது தோட்டப் பாடசாலைகளுக்கு விளையாட்டு ஆசிரியர்கள் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. கல்லூரி அணிக்கு விளையாடியதற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவருக்கு வயது தாண்டிவிடும். கல்லூரி அலுவலகத்தில் படித்ததற்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்கள், விளையாடியதற்குக் கொடுக்கவில்லை. விளையாட்டுப் பதிவேடுகள் இருந்த அறையில் கூரை ஒழுகி, பதிவேடெல்லாம் ஒரே கட்டியாகிப் போயிருந்தது. பயிற்சி கொடுத்த மாஸ்டர் காலமாகிவிட்டார். கூட விளையாடியவர்களில் முகவரி தெரிந்த ஒருவர் கனடாவில்.

"படம் சுவர்ல இருக்கும்ணு சொன்னாங்க" என்றார் முத்துராஜ்.

இருந்தது. நாலாவது வரிசையில். அவரே போய் நின்று விரல் வைத்துக் காட்டினார். பின்வரிசை, இடது பக்கக் கடைசி. தலை நிறைய முடி, காதை மூடிக்கொண்டு. நவரத்தினம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"தம்பி, குறை நினைக்காதையும். இந்த முடிக்குக் கீழ ஆரும் இருக்கலாம்."

முத்துராஜ் சிரித்தார். "முடிதாங்க சேர் போச்சு. மூக்கு அதேதான்."

"எனக்கு மூக்குத் தெரியுது. அதிபர் மூக்கைப் பாத்துக் கையெழுத்து வைக்க மாட்டார். பேர் வேணும்."

அதிபர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். சேர் முத்துராஜுக்குக் கைவிரித்தார். அவர் கோபப்படவில்லை. படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "பரவால்லங்க, மூட்டை எங்கயும் ஓடிறாது" என்று சொல்லிக் கதவுப் பக்கம் நடந்தார்.

நான் படம் துடைக்கும் துணியை மடித்தேன், விரித்தேன். அவர் படியில் கால் வைத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, நில்லுங்க. போயிறாதீங்க."

பிறகு சேரிடம் திரும்பி, "அந்த மடையன் நான்தாங்க சேர்" என்றேன்.

சேருக்கு உடனே விளங்கவில்லை. காசிம் நானா கடை, கண்ணாடிப் பெட்டி, அறுபத்து மூன்று கரை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் தன் கதிரையில் போய் உட்கார்ந்தார். நாலு வருஷம் ஒவ்வொரு வாரமும் அந்தப் படங்களைத் துடைத்தவனை அவர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கடிதம் இனிப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டி, அடுத்து எந்த ஊருக்குப் போகலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் கேட்டது வேறு.

"அப்ப, வெட்டினதை எங்க வைச்சனீ எண்டும் உனக்குத்தானே தெரியும்?"

4. பின்பக்கம்

அன்று மத்தியானமே முத்துராஜின் படத்தை இறக்கினோம். பின்பக்கத்து மண்நிறத் தாளைக் கிழித்து, ஆணிகளைக் குறட்டால் இழுத்து, ஹார்ட்போர்ட்டைத் தூக்கினேன். உள்ளே, நான் சொன்ன மாதிரியே, ஒரு அட்டைத் துண்டு. முத்துராஜ் எட்டிப் பார்த்தார். சேர் வாசித்தார். அவர் முகம் ஒரே நேரத்தில் மலர்ந்தும் சுருங்கியும் போனது. அது வெள்ளைக்காரன் காலத்துக் கிரிக்கெட் அணி ஒன்றின் பெயர்ப் பட்டியல்.

"இது எங்கட தம்பியின்ர இல்லை" என்றார். "ஆனால் இதை நான் எத்தினை வருஷமாத் தேடினனான்."

எல்லாவற்றையும் திறப்பது என்று அப்போதே முடிவானது. வாசிப்பு மண்டபத்துக் கதவில் இரண்டு நாள் மூடியிருக்கும் என்று அறிவித்தல் ஒட்டினார் சேர். மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். நான் ஆணி பிடுங்க, முத்துராஜ் கண்ணாடி தூக்க, சேர் வாசித்து எழுத. முத்துராஜுக்கு ஸ்டோரில் லீவு இல்லை, வராத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஆனாலும் செவ்வாயும் புதனும் வந்தார். மூட்டை தூக்கிய கை கண்ணாடியைப் பிடித்த மென்மையைப் பார்த்து, காசிம் நானா இருந்தால் ஆளை விட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டங்களுக்குள் என்னென்னவோ இருந்தது. செத்த கரப்பான், சினிமா நோட்டீஸ் துண்டு, ஒரு சட்டத்தில் நான் எப்போதோ தொலைத்த பென்சில். ஆனால் பெரும்பாலானவற்றில் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு துண்டும் வெளியே வரும்போது சேர் அதைத் தன் படத்தோடு சேர்த்து வைப்பார். எழுத்தும் வருஷமும் இருந்ததால் சோடி சேர்ப்பது கஷ்டமாக இல்லை. பிற்காலத்தில் பெரிய டாக்டராக வந்த ஒருவர் ஹாக்கி மட்டையோடு நின்றார். கோர்ட்டு நீதவானாகப் பேர் எடுத்த ஒருவர் முன்வரிசையில் தரையில் சப்பணமிட்டிருந்தார். நாலு வருஷம் நான் முகமாக மட்டும் துடைத்த ஆட்கள் ஒவ்வொருவராக ஆளானார்கள்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைசிச் சட்டத்தையும் திறந்தாயிற்று. ஐம்பத்தேழு அணிகளுக்குப் பெயர் கிடைத்திருந்தது. ஆறு அணிகளுக்கு இல்லை. அந்த ஆறில் ஒன்று முத்துராஜின் அணி.

அவர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மேசைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"எல்லாருக்கும் பேர் வந்துருச்சுண்ணே" என்றார். "எனக்கு மட்டும் இன்னும் முடிதான்."

5. முதுகு

ஆறு. அந்த எண்ணிக்கை எனக்குள் எங்கோ இடித்தது. பெயர் இல்லாத ஆறு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறும் சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்தவை, ஆறும் ஒரே ஸ்டூடியோ. அட்டையைச் சுண்டிப் பார்த்தேன். பலகை மாதிரிச் சத்தம் கேட்டது. தடித்த, வெள்ளை, நல்ல அட்டை.

நானா எடுத்து வைத்த அட்டை.

அதே வாரத்தில் கடையில் இருந்த கல்லூரிப் புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எழுதிய கண்டி இராச்சியத்து வரலாறு, ஆறு பாகம். ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கனம். சிவப்பு ரெக்சினில் நாங்கள்தான் கட்டினோம். நூலகத்தில் அவை தனி அலுமாரியில் பூட்டியிருந்தன. பேராதனையிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்குக்கூட, சேர் பக்கத்தில் நின்றுதான் காட்டுவார்.

அந்த அலுமாரியைக் கைகாட்டினேன். சேர் எழுந்துவிட்டார். "அதில கை வைக்க ஏலாது. இந்த நாட்டில இப்பிடி முழுசா நாலு இடத்திலகூட இராது. அதிபரின்ர அனுமதி இல்லாமல் ஒரு நூலைக்கூட இழுக்கக்கூடாது."

"கிழிக்க வேணாங்க சேர். எட்டிப் பாப்போம்."

அப்படிக் கட்டிய புத்தகத்தை அகல விரித்தால், தாள்களின் முதுகு உள்ளே வளையும், ரெக்சின் முதுகு வெளியே நிற்கும். நடுவே ஒரு குழல் மாதிரி இடைவெளி. பல் டாக்டரின் கண்ணாடியை வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். சேர் டார்ச் பிடித்தார். எழுதிய பக்கம் துணியில் பட்டால் மை ஊறிக் கறை வரும் என்று, எழுத்தை உள்பக்கம் பார்த்தே வைக்கச் சொல்வார் நானா. அந்த ஒரு பழக்கம் எங்களைக் காப்பாற்றியது.

முதல் பாகத்தில் ஓட்ட அணி. இரண்டாம் பாகத்தில் ஹாக்கி. மூன்றாம் பாகத்தில் கண்ணாடியை மெல்லத் திருப்பியதும் சேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்ததில் அவர் தடுமாறினார். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. புத்தக முதுகுகளைப் பார்த்து நாலு வருஷத்தில் எழுத்துக்கூட்டப் பழகிய இங்கிலீஷ் என்னுடையது. நேராகப் பார்த்தாலும் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஒரே கஷ்டம்தான். எழுத்து எழுத்தாகச் சொன்னேன், சேர் தாளில் எழுதினார். உதைபந்தாட்டம். வருஷம் சரி. முன்வரிசைப் பெயர்கள் ஏழும் சரி. பின்வரிசையில் வலது பக்கத்திலிருந்து ஆறு பெயர்கள் வந்தன. ஏழாவது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பசை கட்டியாக உறைந்திருந்தது. அதற்கு அப்பால் அட்டை முடிகிறது. புத்தக முதுகின் உயரத்துக்கு அட்டையை வெட்டியபோது அந்தப் பெயரும் சேர்ந்து போயிருக்கலாம். பசைக்கு அடியில் பத்திரமாகவும் இருக்கலாம். திறக்காமல் சொல்ல முடியாது.

சேர் ஜன்னலண்டை போய் நின்றார். வெளியே அம்பிட்டியப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. முத்துராஜ் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சேர் மறுத்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"நீ கட்டின முதுகுதானே?" என்றார் சேர், திரும்பாமலே.

"ஆமாங்க சேர்."

"திறக்கத் தெரியும்?"

"தெரியும்."

"திரும்பக் கட்ட?"

"அப்ப கட்டினத விட நல்லாக் கட்டுவேன்."

"அப்ப திற. அதிபருக்கு நான் பதில் சொல்லுறன்."

மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். ரெக்சினை வெட்டவில்லை. முதுகின் மேல்முனையில் உள்பக்கம் மடித்து ஒட்டிய இடத்தில் மட்டும், ஈரம் உறிஞ்சிய ஒற்றுத்தாளை வைத்து, பசை இளகும் வரை காத்திருந்தேன். இடையில் ஒற்றுத்தாளை நாலு தரம் மாற்றினேன். இந்த வேலையில் அவசரப்பட்டால் துணியோடு எழுத்தும் உரியும். எலும்புக் கத்தியை நுழைத்து, ஒரு நகம் அளவு, இன்னொரு நகம் அளவு என்று தூக்கினேன். கடைசியில் அட்டை, உறையிலிருந்து கடிதம் வருவது மாதிரி மேல்முனை வழியாக வழுக்கி வெளியே வந்தது. புத்தகத்தில் ஒரு தாள்கூட அசையவில்லை.

பசைக் கட்டி மயில்துத்த நீலத்தில் இருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றினேன். தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தேன். நீலம் வெளுத்தது. அடியில் கறுப்பாக ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு. எழுத்து எழுத்தாக வாசித்தேன். கடைசி எழுத்தைச் சொல்லும் முன்பே முத்துராஜ் தன் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டார், வகுப்பில் ஆஜர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி.

பெயரின் முதல் எழுத்துக்கும் அட்டையின் முனைக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடம் மிச்சம் இருந்தது. காசிம் நானா அட்டையை ஒரு நெல் அதிகமாக வெட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை.

சேர் தன் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மடையன்" என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு அன்பாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

6. வழுக்கிய கத்தி

வியாழக்கிழமை அதிபர் வந்தார். சிங்களவர், கண்டிப்பானவர், எதையும் இரண்டு தரம் கேட்பவர். வரலாற்றுப் புத்தகத்தின் முதுகைத் திறந்ததைச் சேர் முதலில் சொல்லிவிட்டார். அதிபரின் முகம் இறுகியது. பிறகு படத்தையும் அட்டையையும் மேசையில் வைத்தோம். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. இந்தத் துண்டு இந்தப் படத்தினுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி? அட்டையில் பெயர் இருக்கலாம். அதே வருஷம் இரண்டாவது அணி ஒன்றும் இருந்திருக்கலாம்.

நான் அட்டையை எடுத்துப் படத்தின் கீழ்விளிம்போடு பொருத்தினேன். நேராக வந்த வெட்டு, வலது பக்கத்தில் ஒரு இடத்தில் பல் மாதிரி மேலே ஏறி இறங்கியது. படத்தில் பள்ளம், துண்டில் மேடு. இரண்டும் மயிரிழை தெரியாமல் கடித்துக்கொண்டன. அந்த இடத்தில் மண்நிறத்தில் ஒரு பொட்டு, பாதி படத்தில், பாதி துண்டில். நான் என் பெருவிரலை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

யார் வெட்டியது என்று அதிபர் கேட்டார். சேர், ஏதோ ஒரு கடையில் என்று தொடங்கினார், என்னை மறைக்கத்தான். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் குறுக்கே சொன்னேன், நான்தான் என்று.

அதிபர் தழும்பைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். அப்படியானால் இதற்கு இருக்கிற ஒரே சாட்சி நீதான், நடந்ததை எழுது, உன் மொழியில் எழுது, கையெழுத்து வை, என் கடிதத்தோடு அதையும் இணைக்கிறேன் என்றார்.

ஏழாம் வகுப்புக்குப் பிறகு நான் ஒரு முழுப் பக்கம் எழுதியது அன்றுதான். எழுத்துப் பிழைகளைச் சேர் திருத்த வந்தார். அதிபர் வேண்டாம் என்று கைகாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, படத்தையும் துண்டையும் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நவரத்தினம் சேரே முத்துராஜோடு பஸ்ஸில் போனார். நூலகத்துப் பொருளைத் தனியாக வெளியே விட அவருக்கு மனம் இல்லை என்றார். அது மட்டும் காரணமல்ல என்று எனக்குத் தெரியும். இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்களாம். நடுவில் இருந்தவர் துண்டைத் தன் கையால் படத்தோடு பொருத்தி, எடுத்து, மறுபடி பொருத்திப் பார்த்தாராம். பிறகு மற்ற இருவரும் வாங்கிப் பொருத்திப் பார்த்தார்களாம். முத்துராஜிடம் விளையாட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். எந்த இடத்தில் விளையாடினாய்? இடது பக்கம், எப்பவும் இடது பக்கக் கடைசி என்று சொல்லிப் படத்தைக் காட்டியிருக்கிறார். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் நியமனக் கடிதம் வந்தது. பன்விலவுக்கு மேலே, ஒரு தோட்டப் பாடசாலைக்கு. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் நேராக நூலகத்துக்குத்தான் வந்தார். அமைதி காக்கவும் என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே நின்று நாங்கள் மூன்று பேரும் போட்ட சத்தத்தை, அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அடுத்த ஆறு மாதத்துக்கான என் கடிதமும் வந்தது. சிற்றூழியர் என்று இருந்த இடத்தில் நூல் கட்டுநர் என்று இருந்தது. கால் நிற்காதவன் அந்த நூலகத்தில் இருபத்தாறு வருஷம் நின்றுவிட்டேன்.

7. கோணல் சுவர்

மற்ற ஐந்து பாகங்களின் முதுகையும், அதிபரின் அனுமதி எழுத்தில் வாங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து கட்டினேன். அறுபத்து மூன்று படங்களுக்கும் பெயர் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு துண்டையும் அதனதன் படத்தோடு பொருத்தி, இரண்டும் அடங்குகிற மாதிரி புதுக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டேன். அட்டைகள் பழையபடி வேறு வேறு அளவு. அதனால் சட்டங்களும் வேறு வேறு அளவு. சிலது நீளம், சிலது குட்டை. நூல் பிடித்த வரிசை போய்விட்டது. கல்லூரியின் பழைய மாணவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து, விரல் வைத்து, பெயரை வாசித்துக் காட்டுகிறார்கள். கல்லூரி வரலாறு எழுத வந்த ஒரு பேராசிரியை, மூன்று வாரம் அந்தச் சுவருக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து எழுதினார். சுவர் கோணல் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து முத்துராஜ் மாஸ்டர் ஒரு பெரிய உறையோடு வந்தார். உள்ளே அவருடைய பாடசாலையின் முதல் உதைபந்தாட்ட அணி. பதினாலு பிள்ளைகள், பாதிப் பேருக்குக் காலில் சப்பாத்து இல்லை. படத்துக்குக் கீழே நல்ல அகலமான அட்டையில், பதினாலு பெயரும் தமிழில், அவர் கையெழுத்தில்.

"அண்ணே, சட்டம் போட்டுத் தாங்க" என்றார். "பேர மட்டும் வெட்டிறாதீங்க."

நான் பெருவிரலைக் காட்டினேன். பிறகு அட்டையை மேசையில் வைத்து நாலு பக்கமும் அளந்தேன். கையிருப்பில் இருந்த கண்ணாடி எதுவும் சரிவரவில்லை, எல்லாம் மூன்று விரல் குறைவு. பெரிய கண்ணாடி ஒன்றை இறக்கினேன். அட்டையின் அளவுக்குக் குறி வைத்து, வைர முனையை அழுத்தி இழுத்தேன்.

இந்தத் தொழிலில் நான் படித்தது அவ்வளவுதான். எது பெயரைத் தாங்குகிறதோ அதை அப்படியே விட வேண்டும். வெட்டுப்பட வேண்டியது கண்ணாடி.

கண்ணாடி உடையும் என்பார் காசிம் நானா. அன்று உடையவில்லை.